மரியாதை கெட்டவனுக்கு என்ன பெயர்?

(புத்தளம் மாவட்டத்து எத்தாளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்பானிய மொழியில் ஒரு வழக்கு உண்டு. இரண்டு பேர் ஏதோ இரகசியம் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் ஒருவர் மெல்ல நெருங்கி வந்து காதைக் கொடுக்கிறார். உடனே ஒருவர் மற்றவருக்குச் சொல்லுவார்: "ஆய் மோரோஸ் என் லா கோஸ்தா." கரையில் மூர்கள் நிற்கிறார்கள். ஆள் இருக்கிறது, வாயைப் பொத்து என்று அர்த்தம். இப்போது இந்தக் கூட்டத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் நிறையச் சோனகர்கள். குடிசன மதிப்பீட்டில் ஆங்கிலத்தில் உங்களுக்குள்ள பெயர் இலங்கை மூர். ஆகவே எந்த ஸ்பானியரும் எத்தாளைக்கு வந்து இரகசியம் கதைக்க முடியாது.

அந்த வழக்குக்குக் காரணம் பயம். வட ஆபிரிக்காவிலிருந்து கொள்ளைக் கப்பல்கள் வருகின்றனவா என்று ஸ்பெயினின் கிழக்குக் கரையில் கோபுரம் கட்டிக் காவல் இருந்தார்கள். அந்தக் கோபுரத்துக்கு அவர்கள் மொழியில் 'அதாலாயா' என்று பெயர். அறபியிலிருந்து போன சொல். அதாலாயா, எத்தாளை என்று பக்கத்தில் வைத்துப் பார்த்து யாரும் ஊர் வரலாறு எழுதத் தொடங்கிவிட வேண்டாம். ஒலி ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது. ஆனால் ஒரு மெய்யான மூர் இந்தப் பக்கத்துக் கரையில் இறங்கியிருக்கிறார். தஞ்சியர் நகரத்து இப்னு பதூதா 1344இல் வந்து இறங்கிய 'பத்தாலா' புத்தளம்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆரியச் சக்கரவர்த்தி அவரை முத்துக் கொடுத்து உபசரித்தார். அதே மனிதர் சில வருடங்கள் கழித்துக் கிரனடாவுக்கும் போனார். நம் கரையையும் ஸ்பெயினையும் ஒரே கண்ணால் பார்த்தவர் அவர்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது வசை. தூசணம் அல்ல, தூசணத்தை இந்த அவையில் நான் சொல்லப்போவதில்லை, நம் இலக்கணத்தில் அதற்கு இடக்கரடக்கல் என்று ஒரு விதியே இருக்கிறது. மரியாதை தெரியாதவனை, எடுத்தெறிந்து கதைப்பவனை, வரிசையில் முந்திக்கொண்டு போய் நிற்பவனை மனிதர்கள் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதுதான் பொருள். அதற்கு ஏன் ஸ்பானியம்? அந்த மொழியில் இந்தச் சரக்கு அவ்வளவு செழிப்பு. இன்னொரு காரணமும் உண்டு. அது சிரம்பியடியில் இருக்கிறது, வருகிறேன்.

முதலில் முகம். ஸ்பானியத்தில் 'காரா' என்றால் முகம். வெட்கமில்லாமல் நடப்பவன் 'தெஸ்காராதோ', முகம் இல்லாதவன். அதே ஆளை 'காராதூரா' என்றும் சொல்லுவார்கள், முகம் கல்லாய்ப் போனவன். ஒருவனுக்கு முகமே இல்லையாம், மற்றவனுக்கு முகம் இறுகிக் கிடக்கிறதாம். இரண்டு பேரும் செய்வது ஒரே வேலை. இது போதாதென்று, 'முதுகைவிட முகம் பெரிய ஆள்' என்று ஒரு சொல்லடையும் வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கித் திருப்பித் தராமல், அடுத்த நாள் அதே கடை வாசலில் நின்று தேத்தண்ணி கேட்கிறானே, அவனுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

நாமும் இந்தக் கணக்கை முகத்தில்தான் எழுதுகிறோம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்தான் என்று கேட்கிறோம். முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டான் என்கிறோம். முகம் கொடுத்துக் கதைக்காத ஆளிடம் போக மனம் வராது. வெட்கங்கெட்டவன் என்பதற்கு நேரே அவர்களிடம் 'சின்வெர்குவென்சா' இருக்கிறது. வெட்கம் இல்லாதவன் என்பதை ஒரே மூச்சில் ஒட்டிச் செய்த சொல். அவர்கள் அதைத் திட்டாகவும் சொல்லுவார்கள், பேரனைத் தூக்கிக் கொஞ்சும்போதும் சொல்லுவார்கள். நம் மூத்தம்மாமார் 'கள்ளன்' என்று கொஞ்சுவதில்லையா, அப்படித்தான்.

அடுத்தது நாக்கு. இங்கேதான் அவர்களும் நாமும் எதிரெதிர்த் திசையில் போகிறோம். வாய்க்கு வந்தபடி பேசுபவனுக்கு நாக்கு நீளம் என்கிறோம் நாம். அவர்களோ அவனை 'தெஸ்லெங்குவாதோ' என்கிறார்கள், நாக்கு இல்லாதவன். மனிதனுக்குரிய நாக்கை இழந்தவன் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மனதில் பட்டதை மறைக்காமல் சொல்லுபவனுக்கு 'நாக்கில் மயிர் இல்லாதவன்' என்று பெயர். அது பாதி புகழ்ச்சி, பாதி எச்சரிக்கை. கெட்ட வார்த்தை பேசுபவன் 'போகிசூசியோ', அழுக்கு வாயன். நம் ஊத்தை வாய் அப்படியே அங்கே எழுந்து நிற்கிறது. எந்தக் கப்பலும் அதைக் கொண்டுபோகவில்லை. மனித வாய் எங்கும் ஒரே மாதிரி ஊத்தையாகிறது.

எனக்குப் பிடித்த சொல் வேறு: 'மஹாதெரோ'. இடிப்பது, குத்துவது என்ற வினையிலிருந்து வந்தது; ஆதியில் உரலில் இடிக்கும் உலக்கையைக் குறித்தது. சொன்னதையே சொல்லி, கேட்டதையே கேட்டு, இங்கிதம் தெரியாமல் மண்டையில் குத்திக்கொண்டே இருக்கிறவன் உலக்கை. நாமும் மந்த புத்திக்காரனை உலக்கை என்கிறோம். ஸ்பானிய உலக்கை சும்மா சுவரில் சாய்ந்து நிற்பதில்லை, வேலை செய்கிறது.

இந்தச் சொல்லைத் தன் பணியாள் சாஞ்சோ மீது அள்ளி வீசியவர் தொன் கிஹோத்தே. மிகேல் தெ செர்வாந்தெஸ் எழுதிய அந்த நாவலின் முதற்பாகம் 1605இலும் இரண்டாம் பாகம் 1615இலும் வந்தன. உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி அதில் ஒன்று இருக்கிறது. செர்வாந்தெஸ் கடலில் பிடிபட்டு 1575 முதல் 1580 வரை அல்ஜியர்ஸில் கைதியாக இருந்தவர். கரையில் மூர்கள் என்பது அவருக்குப் பழமொழி அல்ல, பட்ட அனுபவம். அப்படிப்பட்டவர் தன் நாவலுக்கு மூல ஆசிரியர் நானில்லை, சீதே ஹமேத்தே என்ற அறபு வரலாற்றாசிரியர், ஒரு மூரிஸ்கோ, அதாவது கிறிஸ்தவராக்கப்பட்ட ஸ்பெயின் முஸ்லிம் ஒருவன், எனக்கு மொழிபெயர்த்துத் தந்தான் என்று விளையாட்டாக எழுதி வைத்தார். முதற்பாகம் வந்த நான்காம் ஆண்டே, 1609இல், அரசன் மூரிஸ்கோக்களை நாட்டைவிட்டு வெளியேற்றத் தொடங்கிவிட்டான்.

வளர்ப்பைச் சொல்லும் வசைகளும் உண்டு. 'மால்க்ரியாதோ' வளர்ப்புச் சரியில்லாதவன். 'மாலெதுகாதோ' சரியாகப் பழக்கப்படாதவன். நாம் உடனே "யார்ட பிள்ளை இவன்?" என்று கேட்கிறோம். அதபு கெட்டவன் என்று நம் வீடுகளில் சொல்லுகிறோமே, அந்த அறபிச் சொல் ஒழுங்குக்கும் இலக்கியத்துக்கும் பொதுவானது. இந்த வகை வசையில் அடி விழுவது பிள்ளைக்கு, வலிப்பது தாய்க்கு. நியாயமா என்று கேட்டால் அரைவாசிதான் நியாயம் என்பேன். நன்றாக வளர்க்கப்பட்ட முரடர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒருவன் செய்த செயலைப் பிடித்து உலுக்குகிற சொற்கள். உன் முகம், உன் நாக்கு, உன் வெட்கம். அவன் நாளைக்குத் திருந்தினால் சொல் தானாகக் கழன்று விழும்.

ஆனால் வசையில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. இனி அதைப் பற்றித்தான் பேச்சு.

ஸ்பானியத்தில் 'வில்லானோ' என்று ஒரு திட்டு. இழிந்தவன், முரடன். அடிப்பொருள் என்ன? கிராமத்தான். பிரபுக் குடும்பத்தில் பிறக்காமல் கிராமத்தில் இருந்து நிலம் உழுதவன். அதே வேரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்தான் நம் சினிமாவுக்கு வந்து வில்லன் ஆனது. நம்பியார் கையைப் பிசைந்துகொண்டு திரையில் வந்தபோது, சொல்லின் பிறப்பைப் பார்த்தால், ஒரு பாவப்பட்ட கமக்காரன்தான் வந்துகொண்டிருந்தான். 'பதான்' என்றாலும் பட்டிக்காட்டான், பண்பில்லாதவன். 'வெர்துலேரா' மரக்கறி விற்கும் பெண். சத்தம் போட்டுக் கதைக்கும் வெட்கங்கெட்ட பெண்ணுக்கும் அதுவே பெயர். வண்டிக்காரனைப் போல் வைகிறான் என்பதும் அவர்கள் பேச்சில் உண்டு. நாம் மட்டும் என்ன? பட்டிக்காடு என்கிறோம். காட்டான் என்கிறோம். நாகரிகம் என்ற நல்ல சொல்லே நகரத்திலிருந்துதான் வருகிறது. மீன் சந்தை மாதிரிக் கத்தாதே என்று வகுப்பில் பிள்ளையை அதட்டுகிறார்கள். கடலுக்குப் போகிறவர் ஊரிலேயே அதட்டுகிறார்கள்! அந்தப் பிள்ளையின் வாப்பா அன்று விடியற்காலை கரை வலை இழுத்துவிட்டு வந்திருப்பார். காற்றும் அலையும் அடிக்கிற இடத்தில் விலை கூறுகிறவர் காதுக்குள் கிசுகிசுக்க முடியுமா? தொழில் கேட்கிற குரல் அது. அதை மரியாதைக் குறைவு என்று எழுதி வைத்தவர்கள் மீனை வாங்குகிறவர்கள், பிடிக்கிறவர்கள் அல்லர்.

இப்போது சிரம்பியடிக்கு வருகிறேன்.

'காஃப்ரே' என்று ஸ்பானியத்தில் ஒரு சொல். முரடன், மிருகத்தனமானவன், நாகரிகம் அறியாதவன். மெக்சிகோவில் தாறுமாறாக வாகனம் ஓட்டுகிறவனைக் காஃப்ரே என்பார்கள். சொல்லிப் பாருங்கள்: காஃப்ரே, காப்பிரி. இது ஒலி ஒற்றுமை அல்ல, இது உறவுதான். அறபியில் காபிர் என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் வணிகம் செய்த அறபிகள், இஸ்லாத்தை ஏற்காத அந்த நாட்டு மக்களை அப்படிச் சொன்னார்கள். பின்னால் வந்த போர்த்துக்கேயர் அதை ஓர் இனத்தின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். மொசாம்பிக் பக்கத்திலிருந்து ஆட்களை அடிமைகளாகவும் படையாட்களாகவும் கோவாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். பின்னர் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் அதையே செய்தார்கள். பிரித்தானியர் காலத்தில் இலங்கைப் படையணிகளில் சேர்க்கப்பட்டிருந்த ஆபிரிக்கர்கள், 19ஆம் நூற்றாண்டில் அந்த அணிகள் கலைக்கப்பட்டபோது புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள்தான் புத்தளம் நகருக்குக் கிட்ட, சிரம்பியடியில் இருக்கிறார்கள்.

அவர்கள் கத்தோலிக்கர். அவர்களுடைய பாட்டு மஞ்சா. அந்தப் பாட்டின் மொழி இலங்கைப் போர்த்துக்கேயம். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சிலர் இன்னும் வீட்டில் பேசுகிற அதே மொழி. ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலும் கரையோரப் பட்டினங்களில் பல இனத்தவரும் ஒருவரோடொருவர் பேசிய பொது மொழி அது. 1819இல் கொழும்பில் வெஸ்லியன் மிஷன் அச்சகம் அதற்கு அகராதியே போட்டது. கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, குசினி, விறாந்தை, பாண் என்று நம் வீட்டுக்குள் அதன் சொந்தக்காரர்கள் நிறைந்து கிடக்கிறார்கள். சிரம்பியடியில் அன்றாடப் பேச்சு சிங்களமாகிவிட்டது. பாட்டில் மட்டும் பழைய மொழி மிஞ்சியிருக்கிறது. ஸ்பானியத்துக்குத் தங்கை முறையான ஒரு மொழி, ஐபீரியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, நம் மாவட்டத்தில் ஆபிரிக்க வம்சத்தவர் வாயில் பிழைத்திருக்கிறது. இது நம் பாடப் புத்தகத்தில் எத்தனை வரி?

அந்த மக்கள் தங்களைக் காப்பிரியர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அது அவர்கள் பெயர், அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, வெட்கமும் இல்லை. ஆனால் கறுத்த பிள்ளையையும் சுருட்டை முடிக்காரனையும் "காப்பிலி" என்று பட்டம் வைத்துக் கூப்பிடுகிற பழக்கம் தமிழ் பேசும் ஊர்களில் இருந்தது, முற்றாகப் போகவும் இல்லை. தென்னாபிரிக்காவில் இந்தச் சொல்லின் சகோதரச் சொல்லுக்கு என்ன விலை தெரியுமா? பொலிஸாரைப் பார்த்து அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதற்காக ஒரு பெண்ணுக்கு 2018இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அறபி ஒரு சமயச் சொல்லைச் சொன்னான். போர்த்துக்கேயன் அதை இனப் பெயராக்கினான். அந்த இனத்தைக் கத்தோலிக்கராகவும் ஆக்கினான். ஆனாலும் காபிர் என்ற பெயரை மாற்றவில்லை. ஸ்பானியன் அதையே பண்பில்லாதவனுக்குப் பெயராக அகராதியில் ஏற்றினான். பண்பில்லாமல் நடந்தது யார், பெயர் யார் தலையில் போனது என்று யோசியுங்கள். 

அவர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போனால் நான் நேர்மையானவன் அல்ல. தமிழும் ஸ்பானியத்துக்குச் சொல் கொடுத்திருக்கிறது. 'கதாமரான்' நம் கட்டுமரம். அதில் நமக்குப் பெருமை. இன்னொன்று 'பாரியா'. சமூகம் தள்ளி வைத்தவன், அண்டக்கூடாதவன் என்று பொருள். போர்த்துக்கேயம் வழியாகத் தமிழிலிருந்து வந்தது என்று ஸ்பானிய அகராதியே எழுதி வைத்திருக்கிறது. பறை அடித்தவர்களின் பெயர் அது. பறை ஒரு தோற்கருவி. அதை அடிக்கப் பயிற்சியும் தாளமும் வேண்டும். அந்தக் கலைஞர்களை ஊருக்கு வெளியே வைத்த அவமரியாதை நம்முடையது. ஐரோப்பியர் வந்து பார்த்து, இந்த மக்களைத் தள்ளி வைத்திருக்கிறார்களே என்று அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று மத்ரித்தில் ஒரு செய்தியாளர் எந்த நாட்டையாவது பாரியா என்று எழுதும்போது, அவருக்குத் தெரியாமலே நம் சாதி பேசுகிறது. செம்மொழி என்று மேடைதோறும் முழங்குகிறோம். உலகத்துக்கு நாம் ஏற்றுமதி செய்த சரக்கில் இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சிங்களத்தில் ஒரு சொல்லைத் தொட்டுவிட்டுப் போகிறேன். துப்பஹி. கலப்புப் பிறப்பினன், பண்பாடு இல்லாதவன் என்று இழித்துச் சொல்லுவது. துபாஷி, அதாவது இரண்டு மொழி தெரிந்தவன் என்பதிலிருந்து வந்தது என்பதே பலர் தரும் விளக்கம். இரண்டு மொழி தெரிந்திருப்பது குற்றமானால் புத்தளம் மாவட்டத்தில் பாதிப் பேரைப் பிடிக்க வேண்டும்.

கடைசியாக, சொல்லச் சிரமமான ஒன்று. ஸ்பானியத்தில் 'மெஸ்கீனோ' என்றால் கஞ்சன், சிறுமைப் புத்திக்காரன். எங்கிருந்து வந்தது? மிஸ்கீன். நாம் ஏழைக்குச் சொல்லுகிற அதே சொல். ஸதகா கொடுக்க வேண்டியவரைக் குறித்த சொல், அந்தலூசியாவைக் கடந்து ஸ்பானியத்தில் நிலைத்தபோது சின்னப் புத்திக்காரனுக்குப் பெயராகிவிட்டது. ஏழ்மையைக் கண்டவர்கள் அதை ஒரு குணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இது அங்கே நடந்த கதை என்று ஆறுதல்பட வேண்டாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 75,000 பேரளவில். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து பலர் வள்ளத்தில் இந்தத் தீபகற்பத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த ஊர்கள் அவர்களை வரவேற்றன. பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டன, சோறு கொடுத்தன, தோட்டத்தில் குடிசை போட இடம் கொடுத்தன. அதை யாரும் மறுக்க முடியாது. பிறகு காலம் நீண்டது. கிணற்றுத் தண்ணீருக்கும், பள்ளிக்கூடத்து வாங்குக்கும், கூலி வேலைக்கும் போட்டி வந்தது. 'அகதி' என்ற சொல்லின் ஒலி மாறியது. கதியற்றவர் என்று இரக்கத்தோடு சொன்ன வாய், "அகதிப் புத்தி", "அகதிப் பிள்ளை" என்று சொல்லத் தொடங்கியது. இங்கே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களுக்கும் அந்தப் பெயர் விடவில்லை. ஸ்பானியர் மிஸ்கீனுக்குச் செய்ததை நாம் அகதிக்குச் செய்தோம். அவர்களுக்கு அதற்கு நூற்றாண்டுகள் பிடித்தன. நமக்குச் சில வருடங்களே போதுமாயிருந்தன.

இதை மாற்ற முடியுமா என்று கேட்கலாம். ஸ்பெயினிலேயே நடந்தது. 2014இல் வெளிவந்த அவர்களுடைய அரச அகராதி, 'ஹித்தானோ' என்ற ரோமா இனப் பெயருக்கு ஏமாற்றுக்காரன் என்றும் ஒரு பொருள் தந்திருந்தது. ரோமாக்களின் மூதாதையர் இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்களுடைய சிறுவர்கள் அகராதியைத் திறந்து, நாங்கள் ஏமாற்றுக்காரர்களா என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே, இது இழிவுபடுத்தும் பயன்பாடு என்ற குறிப்பை அந்த அகராதி சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பொருளை அப்போது நீக்கவில்லை. பக்கத்தில் குறிப்பு வந்து நின்றது. சொல்லை அழித்துவிட முடியாது, அது உண்மைதான். இது இழிவு என்று எழுதி வைக்க முடியும்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் காப்பிலி என்றோ அகதி என்றோ சாதிப் பெயர் சொல்லியோ கூப்பிட்டால், அதைத் தூசணம் பேசியதற்குச் சமமான குற்றமாக எடுங்கள். மீன் சந்தை என்று நீங்களும் அதட்டாதீர்கள். பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். திட்டாமல் பிள்ளை வளர்க்கச் சொல்லவில்லை. அது நடக்கிற காரியமும் அல்ல. வெட்கங்கெட்டவன் என்று திட்டுங்கள், வாய் நீளம் என்று திட்டுங்கள், உலக்கை என்றுகூடத் திட்டுங்கள். அவன் செய்ததற்குத் திட்டுங்கள். இன்னொருவர் பிறப்பையும் தொழிலையும் பறிகொடுத்த ஊரையும் கடன் வாங்கித் திட்டாதீர்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். சிரம்பியடி தூரமில்லை. பெரியவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, மரியாதையோடு போய், அந்த மஞ்சாப் பாட்டுகளைக் கேளுங்கள். பாடுகிறவர்கள் சம்மதித்தால் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். நம் வீட்டுக் கதிரையும் சப்பாத்தும் எந்த வாயிலிருந்து வந்தன என்று அப்போது தெரியும். அந்த மொழி தெரிந்த முதியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஆகவே அடுத்த விடுமுறைக்கே போங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். இஷாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.